சத்தம் போடாத கம்ப்யூட்டருக்கு எந்த ஹார்ட் டிஸ்க்? காசு எங்க போகணும், எங்க போகக்கூடாது



வீட்டிலிருந்தே வாய்ஸ் ஓவர், ஆன்லைன் டியூஷன், யூடியூப்னு சம்பாதிக்கிறவங்களுக்கான பதிவு இது. ரெக்கார்டிங் ஆரம்பிக்கும்போது என்ன பண்றோம்? ஃபேனை நிறுத்துறோம், ஏசியை நிறுத்துறோம், ஜன்னலைச் சாத்துறோம். ரூம் அமைதியானதும், அதுவரைக்கும் காதுல விழாத ஒண்ணு கேட்க ஆரம்பிக்கும். மேஜைக்குக் கீழ இருந்து 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம். நடுநடுவுல எலி கொறிக்கிற மாதிரி 'கர்ர்... கர்ர்'. ரீங்காரத்துல பாதி கேபினட் ஃபேனாக இருக்கலாம். அந்தக் கொறிப்பு மட்டும் ஹார்ட் டிஸ்க்தான்.

இதைப் போக்க நம்ம ஆளுங்க செலவு பண்ற வரிசை எனக்குச் சுத்தமா பிடிக்கல. முதல்ல விலை கூடின மைக் வாங்குவாங்க. மைக் நல்லதா ஆக ஆக, அந்தச் சத்தம் இன்னும் தெளிவாப் பதியும். அடுத்து சுவர்ல ஒட்டுற ஃபோம். அது உங்க குரல் சுவர்ல பட்டுத் திரும்புறதைக் குறைக்கும். மேஜைக்குக் கீழ இருக்கிற சத்தத்தை நிறுத்தாது. கடைசியா சத்தம் நீக்குற சாஃப்ட்வேருக்கு மாச சந்தா. மொத்தமாக் கூட்டிப் பார்த்தா, சத்தம் போடாத டிரைவே ரெண்டு வாங்கியிருக்கலாம்.

முதல்ல ஒரு கணக்கு: உங்களுக்குச் சுழலுற டிஸ்க் தேவையா?

கடைக்காரர்கிட்ட கேட்கிறதுக்கு முன்னாடி பேனாவும் பேப்பரும் எடுங்க.

நீங்க குரல் மட்டும் பதிவு பண்றவங்கன்னா, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ ரெக்கார்டிங் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 520 எம்பி ஆகும். வாரம் 5 மணி நேரம் பதிவு பண்ணினாலும் 2.6 ஜிபி. வருஷத்துக்கு 135 ஜிபி. அதாவது 1 டிபி எஸ்எஸ்டி ஒண்ணு உங்களுக்குப் பல வருஷம் வரும். எஸ்எஸ்டில சுத்துற பாகமே கிடையாது, சத்தமும் கிடையாது. இவங்க இந்தப் பதிவை இதோட நிறுத்திட்டு, கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்கைக் கழட்டி ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள்ள போட்டு, பேக்கப்புக்கு மட்டும் வச்சுக்கலாம். 

வீடியோன்னா கதை வேற. 100 எம்பிபிஎஸ்ல 4கே எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வாரம் ரெண்டு மணி நேரம் ஷூட் பண்ணினா 90 ஜிபி, வருஷத்துக்கு 4.7 டிபி. இதையெல்லாம் எஸ்எஸ்டில வைக்கிறது, வீட்டுப் பழைய பேப்பரை பேங்க் லாக்கர்ல வைக்கிற மாதிரி. இவங்களுக்கு ஹார்ட் டிஸ்க் வேணும். ஆனா எடிட்டிங் நடக்கிற ஃபைல் எஸ்எஸ்டில இருக்கட்டும். முடிஞ்ச வேலை மட்டும் ஹார்ட் டிஸ்குக்குப் போகட்டும். இப்படிப் பிரிச்சுட்டா ஹார்ட் டிஸ்க் வேகமா இருக்கணும்கிற அவசியமே போயிடுது. நீங்க எடுத்த வீடியோ ஓட நொடிக்கு 12.5 எம்பி போதும். மெதுவான டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பிக்கு மேல கொடுக்கும். தேவையில்லாத வேகத்துக்கு நாம கொடுக்கிற காசுதான் சத்தமாவும் சூடாவும் திரும்பி வருது.

சத்தம் எங்கிருந்து வருது?

ஹார்ட் டிஸ்குக்குள்ள கண்ணாடி மாதிரி பளபளக்கிற தட்டுகள் சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு மேல ஒரு கை ஆடி ஆடிப் படிக்கும், எழுதும். தட்டு சுத்துறது ரீங்காரம். கை ஆடுறது கொறிப்பு. ரெண்டும் வேற வேற நோய், மருந்தும் வேற.

ரீங்காரத்துக்குக் காரணம் வேகம். சாதாரண டெஸ்க்டாப் டிரைவ்கள் நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுத்தும். சீலிங் ஃபேனை மூணுல வைக்கிறதுக்கும் அஞ்சுல வைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். காத்தைக் கிழிச்சுக்கிட்டு சுத்த ஆகிற சக்தி, வேகத்தோட கிட்டத்தட்ட மும்மடிப் பெருக்கமா ஏறும். 5400-ல இருந்து 7200 போனா வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடுது. காத்தோட போராட ஆகிற சக்தி ரெண்டு மடங்கைத் தாண்டிடும். அந்தச் சக்தி முழுக்க சூடாத்தான் மாறும். அதனால அமைதியான டிரைவும் சூடாகாத டிரைவும் பெரும்பாலும் ஒண்ணேதான், தனித்தனியாத் தேட வேண்டியதில்லை.

தட்டு எத்தனைங்கிறதும் முக்கியம். தட்டு கூடக் கூட எடை கூடும், ஆடுற கையும் கனமாகும், கொறிப்பும் பலமாகும். உங்க தேவை 4 டிபின்னா, 'விலை வித்தியாசம் கொஞ்சம்தானே'ன்னு 16 டிபி வாங்காதீங்க. பெரிய டிரைவ்கள்ல காத்துக்குப் பதிலா ஹீலியம் அடைச்சு சீல் பண்ணியிருப்பாங்க. 2013-ல இருந்தே இது கடைக்கு வந்தாச்சு. ஹீலியத்துல உரசல் குறைவு, அதனால அந்த அளவுக்குக் கரண்ட் இழுக்காது. ஆனா அத்தனை தட்டுக்கும் சேர்த்து ஆடுற கையோட 'டக் டக்' படுக்கை அறைக்கு ஆகாது. அது டேட்டா சென்டருக்குப் பிறந்த ஜாதி.

பேரிங் பத்தி இன்னும் சிலர் கேட்கிறாங்க. பழைய டிரைவ்கள்ல குண்டு பேரிங் இருந்தது, வயசானா கீச்சுன்னு கத்தும். 2001-ல வந்த சீகேட் பாரகூடா 4 திரவ பேரிங்கோட வந்து அமைதிக்குப் பேர் வாங்கிச்சு. இப்ப எல்லா டிரைவும் அதுதான். பெட்டியில அதைப் பெருமையாப் போட்டிருந்தா அதுக்காகக் கூடுதலா ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.

பெட்டி மேல இருக்கிற பேரை நம்பாதீங்க

பணம் வீணாகிற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

ஒரே பேர்ல வர்ற டிரைவ், கொள்ளளவு மாறினா குணமும் மாறும். சீகேட் பாரகூடா டெஸ்க்டாப் வரிசையில பரவலா விக்கிற 2 டிபி மாடல் 7200-ல சுத்தும். 4 டிபி மாடல் 5400. சின்னது வாங்கினா அமைதியா இருக்கும்னு நினைச்சு வாங்குறவங்களுக்கு நேர்மாறாக் கிடைக்கும். டபிள்யூடி ரெட் பிளஸ் 8 டிபின்னு கேட்டு வாங்கினாலும், ஒரு மாடல் 5640-ல சுத்தும், இன்னொண்ணு 7200-ல சுத்தும். பேரும் அதே, அளவும் அதே. அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி முழு மாடல் நம்பரை எடுத்து, கம்பெனி தளத்துல இருக்கிற டேட்டா ஷீட்டைப் பாருங்க. கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்'னு சொன்னா, ஒண்ணு இல்லை.

டேட்டா ஷீட்லயும் ஒரு பொடி வச்சிருப்பாங்க. '5400 ஆர்பிஎம் கிளாஸ்'னு எழுதியிருந்தா கவனமா இருங்க. 2020-ல டபிள்யூடியோட சில டிரைவ்களைப் பத்தி ஒரு சந்தேகம் கிளம்பிச்சு. ஆட்கள் டிரைவ் பக்கத்துல மைக் வச்சு, வர்ற சத்தத்தோட அலைவரிசையை அளந்தாங்க. 5400 சுற்றுன்னா நொடிக்கு 90, அதாவது 90 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரணும். வந்தது 120 ஹெர்ட்ஸ், அதாவது 7200. கம்பெனி சொன்ன பதில், 'கிளாஸ்' என்பது செயல்திறன் வகையைத்தான் குறிக்குதுன்னு. நீங்களும் போன்ல ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு இதைப் பார்க்கலாம், செலவே இல்லை.

அடுத்தது சத்த அளவு. ஒரு கம்பெனி டெசிபல்ல போடும், இன்னொண்ணு பெல்லுல போடும். 2.4 பெல்னா 24 டெசிபல். ஆனா ரெண்டையும் அப்படியே பக்கத்துல வச்சு ஒப்பிட முடியாது. ஒண்ணு டிரைவ் வெளியிடுற மொத்த ஒலிச் சக்தியாவும், இன்னொண்ணு ஒரு தூரத்துல காதுக்கு வர்ற அழுத்தமாவும் இருக்கலாம். அதனால ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலை ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்க. சும்மா சுத்தும்போது ஒரு எண், தேடும்போது ஒரு எண்ணுன்னு ரெண்டு இருக்கும். ரெண்டுக்கும் இடையில இடைவெளி பெருசா இருந்தா கொறிப்பு ஜாஸ்தின்னு அர்த்தம். 3 டெசிபல் கூடினா ஒலிச் சக்தி ரெண்டு மடங்கு. ஒரே மாதிரி ரெண்டு டிரைவ் மாட்டினாலும் இதே 3 டெசிபல் கூடும்.

கடைசிப் பொறி எஸ்எம்ஆர். தட்டுல எழுதுற கோடுகளை ஓடு வேயுற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதுறது எஸ்எம்ஆர். தனித்தனியா எழுதுறது சிஎம்ஆர். எஸ்எம்ஆர் டிரைவ்ல நீங்க காப்பி முடிச்ச பிறகும் உள்ளே அடுக்கி வைக்கிற வேலை ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க மைக் முன்னாடி உட்கார்ந்திருப்பீங்க, யாரும் கேட்காமலே அது கொறிச்சிட்டிருக்கும். 2020 ஏப்ரல்ல டபிள்யூடி ரெட் டிரைவ்கள் சிலதுல சொல்லாமலே எஸ்எம்ஆர் வச்சது வெளியே வந்து பெரிய பிரச்சினை ஆச்சு. அதுக்கப்புறம்தான் சிஎம்ஆர் டிரைவ்களுக்கு ரெட் பிளஸ்னு தனிப் பேர் வச்சாங்க. பேக்கப் எடுத்து அலமாரியில வைக்கிற டிரைவ் எஸ்எம்ஆரா இருந்தா தப்பில்லை. ரூம்ல ஓடுற டிரைவ் சிஎம்ஆரா இருக்கட்டும்.

'கரண்ட் மிச்சம்'னு சொன்னா நம்பலாமா?

5400 டிரைவ் சும்மா சுத்தும்போது 3 வாட் அளவுல இழுக்கும். 7200 டிரைவ் 5-ல இருந்து 7. வித்தியாசம் 4 வாட்னே வச்சுக்குங்க. தினம் 10 மணி நேரம் ஓடினா வருஷத்துக்கு 14.6 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய்னு போட்டா 117 ரூபாய். ஒரு தடவை குடும்பத்தோட டீ குடிக்கிற காசு. கரண்ட் பில்லைக் காரணம் காட்டி யாராவது 'கிரீன்' டிரைவை விலை ஏத்தி வித்தா வாங்காதீங்க. அந்த 4 வாட்டோட அருமை வேற இடத்துல இருக்கு: அந்தச் சூட்டை வெளியேத்த ஃபேன் வேகமா சுத்த வேண்டியதில்லை.

சூடுன்னதும் சிலர் ரொம்பப் பயப்படுறாங்க. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல டிரைவ்களை ஆராய்ஞ்சு 2007-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. சாதாரண சூட்டு அளவுக்குள்ள இருக்கிற வரைக்கும், சூட்டுக்கும் பழுதுக்கும் எல்லாரும் நினைச்ச அளவு தொடர்பு இல்லை. ரொம்பச் சூடு மூணு வருஷத்துக்கு மேல ஆன டிரைவ்களைத்தான் பாதிச்சதுன்னு அதுல வந்தது. அதனால 38-ஆ 42-ஆன்னு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. ஆனா நம்ம ஊர் கணக்கையும் சேர்த்துப் பாருங்க. மே மாசம், ஏசி ஆஃப், ரூமே 35 டிகிரி. டிரைவ் எப்பவும் ரூமைவிட சில டிகிரி சூடாத்தான் இருக்கும். மெதுவான டிரைவ் முன்னாடி 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒண்ணு 600, 700 வேகத்துல சுத்தினா 45-ஐ ஒட்டி நிக்கும். 7200 டிரைவைக் காத்தோட்டமில்லாத கேபினட்ல அடைச்சா 50-ஐத் தாண்டும். பல டிரைவ்களுக்குக் கம்பெனி சொல்ற உச்ச வரம்பே 60 டிகிரிதான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல சூட்டளவு முதல் வரியிலேயே தெரியும்.

மிக்ஸிக்குக் கீழ துணி

மிக்ஸியை வெறும் மேடையில வச்சு ஓட்டினா ஒரு சத்தம், கீழ துணியை மடிச்சுப் போட்டா ஒரு சத்தம். டிரைவும் அப்படித்தான். டிரைவ் நேரடியாப் போடுற சத்தத்தைவிட, அது தகர கேபினட்டை அதிர வைக்கிறதால வர்ற சத்தம்தான் பல வீடுகள்ல பெருசு. சோதிச்சுப் பாருங்க: டிரைவ் ஓடும்போது கேபினட் பக்கத் தகட்டை உள்ளங்கையால அழுத்துங்க. ரீங்காரம் சட்டுனு குறைஞ்சா, உங்களுக்குப் புது டிரைவ் தேவையில்லை. ரப்பர் வாஷர் வச்ச திருகு நாலு போதும். சில பேர் தையல் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கிற எலாஸ்டிக்கை வாங்கி, டிரைவை ஊஞ்சல் மாதிரி கேபினட்டுக்குள்ள கட்டித் தொங்க விடுறாங்க. பார்க்க சிரிப்பா இருக்கும், ஆனா அதிர்வை அடக்குறதுல அதை மிஞ்ச ஆளில்லை. கம்ப்யூட்டரை இடம் மாத்தும்போது மட்டும் டிரைவைக் கழட்டிடணும். இன்னொரு விஷயம்: டிரைவை ஸ்பாஞ்சால முழுக்கச் சுத்தி வைக்காதீங்க. சூடு வெளியேற வழி இருக்காது. ஹீலியம் இல்லாத டிரைவ்ல மூச்சு விடுற ஓட்டை ஒண்ணு இருக்கும், 'மூடாதே'ன்னு பக்கத்துலயே எழுதியிருக்கும்.

ரெக்கார்டிங் நேரத்துல டிரைவ் தானா நிக்கிற மாதிரி விண்டோஸ் பவர் செட்டிங்ல நேரம் வைக்கலாம். 20 நிமிஷம் சரி. 2 நிமிஷம்னு வச்சா ஒரு நாளைக்கு நூறு தடவை நின்னு கிளம்பும், அதுக்கும் ஆயுள் கணக்கு உண்டு. தனி அடாப்டரோட வர்ற வெளி டிரைவ்னா இன்னும் சுலபம்: ரெக்கார்டிங் முன்னாடி முறைப்படி எஜெக்ட் பண்ணி ஸ்விட்சை அணைச்சிடுங்க.

விலையை எப்படி ஒப்பிடுறது?

விலை வாராவாரம் மாறுது, அதனால முறையை மட்டும் சொல்றேன், எண்கள் உதாரணத்துக்கு. விலையை, நீங்க உண்மையிலேயே நிரப்பப் போற டிபியால வகுத்து, அதை வாரண்டி வருஷத்தால வகுங்க. உங்க தேவை 3 டிபின்னு வைப்போம். 4 டிபி சாதாரண டெஸ்க்டாப் டிரைவ் 9,000 ரூபாய், 2 வருஷ வாரண்டி: ஒரு டிபிக்கு வருஷத்துக்கு 1,500. ரெட் பிளஸ், அயன்வுல்ஃப் மாதிரி 4 டிபி நாஸ் டிரைவ் 12,000 ரூபாய், 3 வருஷ வாரண்டி: 1,333. ஆன்லைன்ல 'சர்வர் கிரேடு'ன்னு விக்கிற பழைய 8 டிபி, 8,000 ரூபாய், விக்கிறவரோட 1 வருஷ வாரண்டி: 2,667. பார்த்தவுடனே மலிவா தெரிஞ்சது கணக்குல கடைசி. சத்தமும் சூடும் இன்னும் இந்தக் கணக்குல வரல.

அந்தப் பழைய சர்வர் டிரைவ் பத்தி இன்னும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில ஜெர்மனியில, பல்லாயிரம் மணி நேரம் ஓடின சீகேட் எக்ஸோஸ் டிரைவ்கள் புதுசுன்னு கடைகள் வழியா வித்தது வெளியே வந்தது. எத்தனை மணி நேரம் ஓடிச்சுங்கிற ஸ்மார்ட் கணக்கையே அழிச்சு பூஜ்யமாக்கி வித்திருந்தாங்க. சீகேட் டிரைவுக்குள்ள இருக்கிற இன்னொரு பதிவை எடுத்துப் பார்த்தப்பதான் குட்டு வெளிப்பட்டது. அங்கேயே அப்படின்னா, பில்லு இல்லாம விக்கிறவர்கிட்ட நாம எந்த நம்பிக்கையில வாங்குறது?

இதுக்கு நோ காஸ்ட் இஎம்ஐ போடவும் வேண்டாம். பிராசஸிங் ஃபீஸ், வட்டி மேல ஜிஎஸ்டின்னு சில நூறு அங்க போயிடும்.

டிரைவ் வந்ததும், மாத்திக் கொடுக்கிற நாள் முடியறதுக்குள்ள ரெண்டு வேலை முடிச்சிடுங்க. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்துல போட்டு, வாரண்டி இந்தியாவுக்குச் செல்லுதான்னு பாருங்க. அப்புறம் டிரைவை முழுசா ஒரு தடவை எழுதிப் படிச்சுச் சோதிங்க. ஒரு ராத்திரி பூரா ஆகும். அந்த ராத்திரி அதே ரூம்ல படுங்க, அது எப்படிப்பட்ட டிரைவ்னு காதே சொல்லிடும். காலையில கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல ரீஅலோகேட்டட், பெண்டிங் ரெண்டு வரியும் பூஜ்யமா இருக்கணும். ஒண்ணு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க.

பட்ஜெட் இருந்தா அதே அளவுல ரெண்டாவது டிரைவ் ஒண்ணு வாங்குங்க. வேகமானதோ அமைதியானதோ வேண்டாம், இருக்கிறதுலயே மலிவான புது எஸ்எம்ஆர் போதும். ஞாயித்துக்கிழமை மட்டும் மாட்டி காப்பி எடுத்துட்டு பீரோல வைங்க. கஸ்டமரோட கல்யாண வீடியோ போச்சுன்னா, ரெக்கவரிக்கு ஆகிற பல ஆயிரம் ஒரு பக்கம். அந்த முகூர்த்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

தொழிலுக்கு வாங்குறவங்க ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கேளுங்க. 18 சதவீதம் உள்ளீட்டு வரியாத் திரும்ப வரும். கம்ப்யூட்டர் வகைக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவாப் பயன்படுத்தினா அதுல பாதி. உத்தேச வருமான முறையில வரி கட்டுறவங்களுக்குத் தேய்மானம் தனியாக் கிடையாது, அதையும் தெரிஞ்சுக்குங்க. பில்லைக் கையோட போட்டோ எடுத்து வச்சிடுங்க. அந்த வழவழ பேப்பர்ல இருக்கிற எழுத்து ஒரே வருஷத்துல மங்கிடும், வாரண்டி மூணு வருஷம்.